யானையை வாங்கியாச்சு, தீனிக்கு என்ன வழி?

நகர மையத்தில் புதிதாக ஒரு கலை அரங்கம் வரப்போகிறது என்று அறிவிப்பு வந்தால் எல்லோரும் முதலில் அந்த மாதிரிப் படத்தைத்தான் பார்ப்பார்கள். கண்ணாடி முகப்பு, அந்தி வெளிச்சம், படிக்கட்டில் நின்று சிரித்துப் பேசும் ஜோடிகள், கையில் பலூனோடு ஒரு குழந்தை. நான் அந்தப் படத்தில் ஒரு லாரியைத் தேடுவேன். பெட்டி தூக்கும் ஆளைத் தேடுவேன். இதுவரை ஒரு படத்திலும் கண்ணில் பட்டதில்லை. இப்போது எங்கள் ஊரிலும் அப்படி ஒரு திட்டம் வந்து, கருத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நான் மேடை விளக்கு வேலையிலிருந்து வந்தவன். ஏணியில் ஏறி லைட் கட்டுவது, கேபிள் இழுப்பது, ஷோ முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றி ஏற்றிவிட்டுக் கடைசி ஆளாக வெளியே வருவது, இதுதான் பிழைப்பாக இருந்தது. முட்டி ஒத்துழைக்காமல் போன பிறகு சின்ன நாடக, நடனக் குழுக்களுக்கு அரங்கப் பதிவு, மானிய விண்ணப்பம், கணக்கு வழக்கு எல்லாம் பார்த்துக் கொடுக்கிறேன். அதனால் கருத்துக்கேட்புக் கூட்டங்களில் போய் உட்காரும் பழக்கம் வந்துவிட்டது. அங்கே நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். திறப்பு விழா முடிந்து ஐந்தாவது வருஷம், ஷோ எதுவும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், இந்தக் கட்டடத்தின் கரண்ட் பில்லை யார் கட்டுவார்கள்?

பதில் வராது. வந்தாலும் "அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற வகையில்தான் வரும்.

பிறகு பார்த்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு நான் வேலை செய்த ஒரு அரங்கமே போதும். பேர் வேண்டாம். பொதுப் பணத்தில் கட்டியது, லாபியில் தரை முழுக்க பளிங்கு. பின்பக்கம் போனால் சாமான் ஏற்றும் வாசல் நேராக மேடைக்குப் போகாது, ஒரு லிஃப்டுக்குப் போகும். அந்த லிஃப்ட் ஆட்கள் ஏறுகிற அளவு. எங்கள் செட்டில் ஒரு முழுச் சுவர் இருந்தது. அதை வாசலிலேயே படுக்கப் போட்டு நடுவில் அறுத்து, இரண்டு துண்டாக மேலே கொண்டுபோய், பின்னால் சட்டம் வைத்து ஆணி அடித்துச் சேர்த்தோம். முன்வரிசையில் உட்கார்ந்தவர்களுக்குக் கடைசிவரை அந்தக் கோடு தெரிந்திருக்கும். அப்புறம் ஏசி. மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே இயந்திரம், ஒரே சுவிட்ச். மேடையில் மூன்று பேர் ஒத்திகை பார்த்தாலும் லாபி, பால்கனி, காலி நாற்காலி அத்தனையும் குளிரும். அந்தச் செலவைத் தாங்க முடியாமல் நிர்வாகம் ஒத்திகை நேரத்தில் ஏசி கிடையாது என்று விதி போட்டது. அடைத்த பெட்டி மாதிரியான இடத்தில் வேர்க்க விறுவிறுக்க ஆடிவிட்டு, ஷோ அன்றைக்கு மட்டும் உடம்பு சில்லிட்டுப் போய் தசை பிடித்துக்கொள்கிறது என்று நடனக்காரர்கள் சொல்வார்கள்.

இதில் வரைந்தவரைக் குறை சொல்ல மாட்டேன். கட்டடத்தை யார் நடத்தப்போகிறார்கள் என்பதே முடிவாகாமல் வரைபடம் முடிவாகிவிட்டது. நடத்துகிறவர் அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தால் லிஃப்ட் அளவைப் பார்த்த நிமிஷமே கத்தியிருப்பார்.

உலகத்திலேயே அதிகம் படம் எடுக்கப்பட்ட அரங்கங்களில் ஒன்றுக்கும் இதே கதைதான். சிட்னி ஆப்பரா ஹவுஸுக்குப் போட்டி வைத்து, 1957-இல் யோர்ன் உட்சன் என்ற கட்டடக் கலைஞரின் வரைபடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பெரிய கூடத்தில் ஆப்பராவும், அதாவது பாட்டிலேயே நடக்கும் நாடகமும் நடக்க வேண்டும், இசைக் கச்சேரியும் நடக்க வேண்டும் என்பது திட்டம். 1966-இல் அரசோடு மோதி உட்சன் விலகினார். அதற்குப் பிறகு பெரிய கூடம் கச்சேரிக்கு மட்டும் என்று மாற்றினார்கள். ஆப்பராவுக்காக ஏற்கெனவே பொருத்தியிருந்த மேடை இயந்திரங்களைக் கழற்றி எறிந்தார்கள். ஆப்பரா சின்னக் கூடத்துக்குப் போனது. அங்கே வாத்தியக்காரர்கள் உட்காரும் குழி, பெரிய வாத்தியக் குழுவுக்கு நெருக்கடியான குழி. பேர் ஆப்பரா ஹவுஸ், ஆப்பராவுக்கு இடம் பற்றவில்லை. 70 லட்சம் டாலர் என்று தொடங்கிய செலவு 1973-இல் திறக்கும்போது 10.2 கோடி டாலர். அந்தப் பணத்தில் பெரும்பகுதி அரசு நடத்திய லாட்டரியிலிருந்து வந்தது. வரிப்பணம் என்றால் மக்கள் கேள்வி கேட்பார்கள், லாட்டரிப் பணம் என்றால் யாரும் கேட்பதில்லை என்பது அப்போதே தெரிந்திருக்கிறது.

செலவு கூடியதை மட்டும் வைத்து ஒரு அரங்கத்தைத் தள்ளிவிட எனக்கு மனசில்லை. ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்தில் பழைய கிடங்கின் தலைமேல் கட்டிய எல்ப்பில்ஹார்மனி என்ற இசை அரங்கத்தைப் பாருங்கள். ஊர் தரவேண்டிய பங்கு 7.7 கோடி யூரோ என்று முதலில் சொன்னார்கள். 2007-இல் அடிக்கல். 2010-இல் திறந்திருக்க வேண்டியது 2017 ஜனவரியில்தான் திறந்தது, ஊர் கொடுத்து முடித்தது 78.9 கோடி யூரோ. நடுவில் விசாரணைக் கமிஷன், வழக்கு, கேலிச் சித்திரம் எல்லாம் ஓடின. ஆனால் அந்த இடம் உயிரோடு இருக்கிறது. அங்கேயே குடியிருக்கும் ஒரு முழுநேர இசைக்குழு உண்டு. கச்சேரிக்கு டிக்கெட் வாங்காதவரும் மேலே ஏறி ஊரைச் சுற்றிப் பார்க்கலாம். சொன்னதைவிட பத்து மடங்கு வாங்கியது அநியாயம்தான், சந்தேகமே இல்லை. இருந்தாலும் கணக்குப் பார்க்கிறவனாகச் சொல்கிறேன், அரங்கத்தைச் சாகடிப்பது கட்டும் செலவு இல்லை. காலியாக இருக்கும் தேதிகள்தான் சாகடிக்கும்.

இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரம் உருக்குத் தொழில் போன பிறகு மையத்தைத் தூக்கி நிறுத்தப் பார்த்தது. 1999 மார்ச்சில் ஜனரஞ்சக இசைக்கென்று ஒரு தேசிய மையம் திறந்தார்கள். நான்கு பெரிய எஃகு முரசுகள் மாதிரி கட்டடம். மொத்தம் 1.5 கோடி பவுண்டு, அதில் 1.1 கோடி தேசிய லாட்டரிப் பணம். வருஷத்துக்கு 4 லட்சம் பேர் வருவார்கள் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு சின்னப் பங்குதான் வந்தது. 2000-ஆம் ஆண்டு நடுவில் கதவைச் சாத்திவிட்டார்கள். இன்றைக்கு அது பல்கலைக்கழக மாணவர் சங்கக் கட்டடம். அந்த 4 லட்சம் எப்படி வந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். இவ்வளவு செலவு செய்தால் இத்தனை பேர் வந்தால்தான் தள்ள முடியும் என்று பின்னாலிருந்து கணக்குப் போட்டு, அந்த எண்ணையே எதிர்பார்ப்பு என்று எழுதும் வித்தையை நான் விண்ணப்பங்களில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வெஸ்ட் ப்ராம்விச் ஊரில் இன்னொன்று, 'தி பப்ளிக்' என்று பேர். 2008-இல் திறந்தார்கள். தொடங்கும்போது குளறுபடி, பணத் தட்டுப்பாடு, பாதி வேலை முடியாமலே திறப்பு. பிறகு மெதுவாக நிமிர்ந்தது, ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கூட்டம் வந்துகொண்டிருக்கும்போதே, 2013-இல், நடத்தும் செலவைத் தாங்க முடியாது என்று நகராட்சி மூடிவிட்டது. இப்போது அங்கே மேல்நிலை மாணவர்களுக்கான கல்லூரி. ஷெஃபீல்டைவிட இதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. ஆள் வந்தும் மூடுகிறார்கள் என்றால் அந்த ஆட்கள் என்ன செய்வார்கள்?

சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஒரு குழு, 1994 முதல் 2008 வரை அமெரிக்காவில் கட்டிய அரங்கங்கள், அருங்காட்சியகங்களை எடுத்து ஆராய்ந்தது. அவர்கள் பார்த்த திட்டங்களில் 80 சதவீதத்துக்கும் மேல் சொன்ன தொகையைத் தாண்டியவை. நிறைய இடங்களில் ஊருக்கு இந்த அளவு தேவையா என்று யாரும் முதலில் கேட்கவே இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள். பக்கத்து ஊரில் இருக்கிறது, நமக்கும் வேண்டும். அவ்வளவுதான் காரணம்.

சரி, நன்றாக நடத்தினால் டிக்கெட் காசிலேயே செலவு வந்துவிடாதா என்று கேட்பார்கள். வராது. வில்லியம் பாமல், வில்லியம் போவன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1966-லேயே இதைப் பிட்டுப் பிட்டு வைத்தார்கள். தொழிற்சாலையில் வருஷா வருஷம் ஒரு ஆள் செய்யும் வேலை கூடும், அதற்கேற்பச் சம்பளம் கூடும், பொருளின் விலை கூடாமல் பார்த்துக்கொள்ளலாம். நால்வர் வாசிக்கும் ஒரு இசைப் படைப்புக்கு 200 வருஷத்துக்கு முன்னாலும் நான்கு பேர்தான் வேண்டும், இன்றைக்கும் நான்கு பேர்தான், அதே நேரம்தான். மூன்று பேரை வைத்துப் பாதி நேரத்தில் முடித்தால் அது திறமை ஆகாது. ஆனால் அந்த நான்கு பேரும் வெளியே எல்லோரையும் போல வாடகை கட்ட வேண்டும், பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டும். அதனால் செலவுக்கும் வரவுக்கும் நடுவில் உள்ள பள்ளம் காலம் போகப் போகப் பெரிதாகும். இது நிர்வாகக் கோளாறு இல்லை. எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் இப்படித்தான்.

அதனால்தான் யானையைக் கட்டித் தீனி போடும் கதை என்கிறேன். வாங்குகிற அன்றைக்கு மாலை போட்டுப் படம் எடுத்துக்கொள்ள எல்லோரும் வருவார்கள். தீனிக்கு ஒரு தலைப்பில் நிதி ஒதுக்கச் சொன்னால் யாரையும் காணோம். திறப்பு விழாக் கல்வெட்டில் பேர் போடலாம், மின்கட்டண ரசீதில் போட முடியாதே.

இந்த விஷயம் பேசினால் யாராவது ஒருவர் ஸ்பெயினில் உள்ள பில்பாவோ நகரத்தைச் சொல்வார். 1997-இல் குகன்ஹைம் அருங்காட்சியகம் வந்தது, துருப்பிடித்துக் கிடந்த ஊர் எழுந்து நின்றது என்று. உண்மைதான், ஆனால் பாதி உண்மை. அதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே அங்கே மெட்ரோ ஓட ஆரம்பித்துவிட்டது. ஆற்றைச் சுத்தம் செய்ய ஒரு பெரிய திட்டம் நடந்துகொண்டிருந்தது. துறைமுகத்தை ஊருக்கு வெளியே கடல்வாய்க்கு நகர்த்தினார்கள். அதைவிட முக்கியம், அந்தப் பகுதியை ஆளும் பாஸ்க் அரசு போட்ட ஒப்பந்தம். கட்ட 10 கோடி டாலர், கலைப்பொருள் வாங்க 5 கோடி, குகன்ஹைம் அறக்கட்டளைக்கு 2 கோடி, அதோடு வருஷா வருஷம் நடத்தும் செலவுக்கும் கை கொடுக்கிறோம் என்று ஒப்புக்கொண்டார்கள். அந்தக் கடைசி வரிதான் பில்பாவோவைப் பார்த்துக் கட்டியவர்கள் படிக்காமல் விட்ட வரி. வளைந்த உலோகச் சுவரைப் பார்த்தார்கள், ஒப்பந்தத்தைப் பார்க்கவில்லை.

கலைக்கு ஒரு ரூபாய் போட்டால் ஊருக்கு ஏழு ரூபாய் திரும்பும் என்ற ரகக் கணக்கும் கூட்டங்களில் வரும். நம் பக்கம் பேசுகிறவர்களே சொல்வார்கள், எனக்குச் சங்கடமாக இருக்கும். நாடகத்துக்கு வந்த குடும்பம் நாடகம் இல்லையென்றால் அந்தக் காசை மெத்தைக்கு அடியில் வைத்திருக்காது, வேறெங்காவது அதே ஊரில் செலவழித்திருக்கும். வெளியூர்க்காரர் அதற்காகவே வந்தால்தான் அது புதுப் பணம். இந்த வாதத்தை நாம் கையில் எடுத்தால் நாளைக்கு ஒரு வணிக வளாகம் ஏழுக்குப் பதில் எட்டு என்று வந்து நிற்கும். அப்போது வாயை மூடிக்கொண்டு எழுந்து போக வேண்டியதுதான்.

வளரும் நகர மையத்துக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு, நிலத்தின் விலை. நியூயார்க்கில் சோஹோ பகுதியில் காலியாகிப்போன தொழிற்கூடங்களில் ஓவியர்கள் திருட்டுத்தனமாகக் குடியேறினார்கள். உயரமான கூரை, பெரிய ஜன்னல், மலிவு வாடகை. 1971-இல் கலைஞர்கள் அங்கே வசிப்பதைச் சட்டப்படி அனுமதித்தார்கள். காட்சிக்கூடங்கள் வந்தன, பின்னாலேயே பணக்காரர்கள் வந்தார்கள், துணிக்கடைகள் வந்தன. படம் வரைகிறவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். இது அங்கே மட்டும் நடந்த கதையில்லை. ஒத்திகைக் கூடம் வைத்திருப்பவரிடம் வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாசத்தில் பேசிப் பாருங்கள், குரலிலேயே தெரிந்துவிடும்.

அதாவது நகராட்சி ஒரு கையால் பெரிய அரங்கம் கட்டுகிறது. அதனாலேயே சுற்றுவட்டாரத்தில் நிலம் ஏறுகிறது. அந்த ஏற்றத்தில், அரங்கத்தில் ஏறி ஆட வேண்டியவர்கள் பயிற்சி செய்த இடம் எல்லாம் போய்விடுகிறது. கடைசியில் மேடை இருக்கும், அதில் நிற்கச் சுற்றுலா வரும் பெரிய குழுக்களைத்தான் வரவழைக்க வேண்டியிருக்கும்.

நிலம் ஏறுவதால் வரும் லாபத்திலிருந்தே கலைக்கு எடுத்துக்கொடுக்கலாம் என்று சில ஊர்கள் வழி செய்தன. அமெரிக்காவில் ஒரு பகுதியில் கூடுகிற சொத்து வரியை மட்டும் பிரித்து அந்தப் பகுதிக்கே செலவழிக்கும் முறை உண்டு. 1952-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது. ஆனால் அந்தப் பணம் பெரும்பாலும் கட்டுமானத்துக்குத்தான் போகும், சம்பளத்துக்கும் மின்கட்டணத்துக்கும் போகாது. மறுபடி யானை, மறுபடி தீனிப் பிரச்சினை. நியூயார்க்கில் 1967-இல் வேறு மாதிரி செய்தார்கள். பிராட்வே பகுதியில் கட்டடம் கட்டுகிறவர் உள்ளே ஒரு நாடக அரங்கம் வைத்தால் கூடுதல் மாடிக்கு அனுமதி. இன்றைய கெர்ஷ்வின், மின்ஸ்காஃப் அரங்கங்கள் அப்படி வந்தவைதான். இரண்டும் பெரிய பெரிய இசை நாடகங்களுக்கான இடங்கள். நூறு பேர் உட்காரும் கூடம் தேடுகிற குழுவுக்கு அதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. சலுகையை எப்படி எழுதுகிறோமோ அப்படித்தான் கட்டடம் வரும்.

எனக்குப் பிடித்த ஏற்பாடு அமெரிக்காவின் டென்வர் நகரத்துடையது. எழுபது எண்பதுகளில் அங்கே எண்ணெய்ப் பணம் ஓடி, பிறகு வற்றியது, மாநில அரசு அருங்காட்சியகங்களுக்குக் கொடுத்ததை வெட்டியது. 1988-இல் சுற்றியுள்ள மாவட்ட மக்கள் வாக்களித்து, விற்பனை வரியில் 0.1 சதவீதத்தைக் கலை, அறிவியல் அமைப்புகளுக்கென்று ஒதுக்கினார்கள். பத்து டாலருக்குப் பொருள் வாங்கினால் ஒரு சென்ட். 1994, 2004, 2016 மூன்று முறையும் மறுபடி வாக்கெடுப்பு வைத்து நீட்டித்தார்கள். பணம் மூன்று அடுக்காகப் போகும். பெரும்பங்கு ஐந்து பெரிய நிறுவனங்களுக்கு, அதில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. ஆனால் கடைசி அடுக்கில் சின்னச் சின்னக் குழுக்கள், பாட்டுக் கூட்டங்கள், உள்ளூர் நாடகக்காரர்கள் எல்லாம் இருக்கிறார்கள். மொத்தம் ஏறக்குறைய 300 அமைப்புகள். அந்தப் பணத்தை அன்றாடச் செலவுக்கே பயன்படுத்தலாம் என்பதுதான் விசேஷம். விளக்குக்காரனுக்குச் சம்பளம் கொடுக்கலாம். மானிய விண்ணப்பத்தில் 'புதுமையான திட்டம்' என்று எதையாவது புனைந்து எழுத வேண்டியதில்லை.

சான்பிரான்சிஸ்கோ 1961 முதல் ஹோட்டல் வரியிலிருந்து கலைக்குக் கொடுத்துவருகிறது. வெளியூர்க்காரர் கட்டுகிற வரி, உள்ளூர்க்காரருக்கு வலிக்காது, அழகான யோசனை. 2020-இல் ஹோட்டல்கள் காலியானபோது அந்த வரி விழுந்தது. அரங்கங்களும் அதே நாட்களில்தான் மூடப்பட்டன. டிக்கெட் வருமானமும் மானிய ஊற்றும் ஒரே நேரத்தில் வற்றுகிற மாதிரி கோக்கக் கூடாது என்று அன்றைக்கு எல்லோருக்கும் புரிந்திருக்கும். அதே ஊரில் 2013-இல் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். விலை ஏறும் பகுதியில் கட்டடத்தை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டு, சின்னக் கலை அமைப்புக்கு வாடகைக்குக் கொடுத்து, சில வருஷம் கழித்து முன்பே பேசிய விலைக்கு அவர்களுக்கே விற்கிற ஏற்பாடு. பொதுப் பணம் இதில் போட்டால் எவ்வளவோ தேவலை. டொரண்டோவில் 1986 முதல் கலைஞர்களுக்கு இடம் பிடித்துக் கொடுத்துவந்த ஆர்ட்ஸ்கேப், ஒரு பெரிய புதுக் கட்டடத்தின் கடனைச் சுமக்க முடியாமல் 2023-இல் திவால் நிலைக்குப் போனதையும் சொல்லியாக வேண்டும். நோக்கம் நல்லதாக இருந்தாலும் வங்கி விட்டுக்கொடுக்காது.

குழி விழுந்த ரோட்டை விட்டுவிட்டு நாடகத்துக்கு எதற்குக் காசு என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி, அவரைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டியதில்லை. நூலகத்துக்குக் கொடுக்கிறோம், பூங்காவுக்குக் கொடுக்கிறோம், அவையும் லாபத்தில் ஓடுவதில்லை என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் "ஒத்திகை பார்க்க மணிக்கணக்கில் திறந்து வைக்கிற கூடம் என்றால் பரவாயில்லை, என் பேத்தியும் போவாள்" என்றார். திட்டத்தில் 1,200 நாற்காலி இருந்தது, அந்தக் கூடம் இல்லை.

போன வாரம் எழுத்துமூலம் கருத்து அனுப்பிவிட்டேன். கட்டுமான நிதி ஒதுக்கும் அதே தீர்மானத்தில் பத்து வருஷ நடத்தும் செலவுக்கும் தலைப்பும் தொகையும் போட வேண்டும். நாற்காலியைப் பாதியாக்கி மிச்சத்தில் மரத்தரை போட்ட நான்கு ஒத்திகைக் கூடம், ஒவ்வொன்றுக்கும் தனி ஏசி. சாமான் வாசல் மேடை மட்டத்திலேயே, லாரி பின்னோக்கி வந்து நிற்கிற மாதிரி. பக்கத்தில் வரும் அடுக்குமாடிக்காரர்கள் ராத்திரிச் சத்தம் என்று புகார் கொடுத்தால், சத்தத்தைத் தடுக்கும் செலவு பின்னால் வந்து கட்டியவருடையது என்று அனுமதியிலேயே எழுத வேண்டும். ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலம் 2014-இலும், இங்கிலாந்து 2018-இலும் இப்படி விதி கொண்டுவந்துவிட்டன, நாம் புதிதாக யோசிக்க வேண்டியதில்லை. நடத்தப்போகிறவரை முதலில் நியமித்துவிட்டு அப்புறம் வரைபடம் போடுங்கள் என்று கடைசியில் சேர்த்தேன். அதைத்தான் முதல் வரியாக எழுதியிருக்கலாம். கருத்துச் சொல்ல மாசக் கடைசி வரை நேரம் இருக்கிறது, இன்னொரு தாள் அனுப்பிக்கொள்கிறேன்.